துடுப்பும் தீர்ப்பும்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க் குழுவினர் பணித்தபோது, கல்லூரி வாழ்வில் யாம் கண்ட வெற்றிகளை எழுதுவதே முறையென எண்ணினோம். ஆயின் எழுதுகோலை எடுத்ததும் நினைவில் முந்தி நின்றவர், எம் கல்லூரியின் பெயரையும் அறியாத ஓர் அமெரிக்கப் படகோட்டி. காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

கிரெக் பார்ட்டன் 1959 ஆம் ஆண்டு மிச்சிக்கன் மாநிலத்திலே பிறந்து, பன்றிப் பண்ணையொன்றிலே வளர்ந்தவர். பிறவியிலேயே அவர் பாதங்கள் இரண்டும் உள்வளைந்திருந்தன. இளமையிற் பல சத்திரசிகிச்சைகள் செய்தும் கணுக்கால்கள் இயல்பாக அசைந்தில. அத்தகையவர் கயாக் என்னும் ஒடுங்கிய படகைத் தேர்ந்தார். இரு முனையிலும் அலகுடைய துடுப்பினாற் செலுத்தப்படும் அப்படகுக்குக் கைவலிமையே போதுமென நினைப்பார் பலர். அஃது உண்மையன்று. துடுப்பு நீரைப் பற்றும் பக்கத்துக் கால் படகினுள் உள்ள பலகையை உந்துதல் வேண்டும். அவ்வுந்தலால் உடல் திரும்பும். அத்திருப்பமே தோளுக்கும் கைக்கும் வலிமை தரும். ஆகவே பார்ட்டன் தம் குறையை ஒதுக்கிவைத்து வென்றாரல்லர். குறையுற்ற அக்கால்களாலேயே உந்தி வென்றார்.

1980 இல் அமெரிக்கா மொஸ்கோ ஒலிம்பிக் விழாவைப் புறக்கணித்தமையால் அவருக்கு வாய்ப்புத் தவறியது. 1984 இல் 1000 மீற்றர் தனிப் போட்டியில் வெண்கலம் பெற்றார். 1985 இலும் 1987 இலும் உலகப் பட்டங்களைச் சூடினார். பின்பு 1988 இல் சியோல் நகரில் அதே போட்டியில் அவரும் அவுஸ்திரேலியரான கிராண்ட் டேவிசும் ஒருங்கே எல்லையைக் கடந்தனர். அறிவிப்புப் பலகை டேவிசையே முதல்வராகக் காட்டியது. நிழற்படத்தை ஆராய்ந்த பின்னரே பார்ட்டன் வென்றார் எனத் தீர்ப்பாயிற்று. வேறுபாடு ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. தூரத்தாற் கணித்தால் ஏறக்குறைய இரண்டு சென்ரிமீற்றர். டேவிஸ் வெள்ளிப் பதக்கத்துடன் அமைந்தார். அன்றே பார்ட்டன் நோர்மன் பெலிங்காம் என்பாருடன் இருவர் படகில் ஏறி இரண்டாவது தங்கத்தையும் வென்றார்.

இச்செய்தியை அறிந்த அன்று எமக்கு மகிழ்ச்சியுண்டாயிற்று. உடனே நாணமும் உண்டாயிற்று.

இளம்பிள்ளைவாதத்தால் எம் வலக்கால் மெலிந்தது. ஆதலால் 1961 ஆம் ஆண்டு இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டியில், முடிவெல்லையில் நின்று முடிவுகளைக் குறிக்கும் பணி எமக்குக் கிடைத்தது. 440 யார் ஓட்டத்தில் இருவர் ஒருங்கே வந்தனர். அக்கணத்தில் நடுவராயிருந்த ஆசிரியரின் பார்வையை யாரோ மறைத்துவிட்டனர். “முதலாவது ஆர், தம்பி?” என வினவினார். மற்றை இல்லத்து மாணவனின் மார்பே நூலை முன்னர்த் தொட்டதைக் கண்ட யாம், எம் இல்லத்தவன் பெயரைச் சொன்னோம். எம் காலால் ஈட்ட இயலாத புள்ளிகளை நாவால் ஈட்டினோம். தோற்றதாக எழுதப்பட்டவன் ஒரு சொல்லும் சொல்லாது, வென்றவன் கையைக் குலுக்கிச் சென்றான்.

சியோலில் பலகை பிழைத்தது, படம் திருத்தியது. எம் மைதானத்திற் படம் இல்லை, யாமே இருந்தோம். திருத்தவல்ல சாட்சி வாய்மூடியிருப்பின் எத்தகைய உழைப்பும் வீணாகும் என்பதை உணர எமக்கு நெடுங்காலம் சென்றது. கால் மெலிந்தது எம் குற்றமன்று. அன்று பொய்த்தது எம் குற்றமே.

மாணவத் தம்பியரே, வெல்லுதல் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. கண்டதைக் கண்டவாறு உரைத்தல் எல்லார்க்கும் இயலும். அன்று இரண்டாமவராக எழுதப்பட்ட நண்பர் எங்குளர் என அறியோம். இம்மலர் அவர் கைக்கு எட்டுமாயின், யாம் சொல்ல விரும்புவது இதுவே: அவ்வோட்டத்தில் முதலாவதாக வந்தவர் நீரே. திருத்தம் காலந்தாழ்த்து வந்தமைக்கு எம்மைப் பொறுத்தருள்வீராக.