அடுத்த ஈடு

கிள்ளானில் அந்த வீட்டுக்கு முன்னால், கார் நிற்க வேண்டிய இடத்தில் ஐந்து நீல டிரம் நின்றன. நான்கில் கடலைப் பருப்பு ஊறிக்கொண்டிருந்தது. ஐந்தாவதை நிரப்புவதா வேண்டாமா என்று மகன், மருமகள், பேத்தி மூவரும் ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்தார்கள். சொல்ல வேண்டியவர் குளிக்கப் போயிருந்தார்.

அக்கம்பக்கம் எல்லாருக்கும் அவர் ஆயா. நானும் அப்படியே கூப்பிட்டேன். 74 வயது. காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டம் வீட்டுமனையானதும் கிள்ளானுக்கு வந்தவர், தீபாவளிக்குப் பிரிக்பீல்ட்ஸில் முறுக்கு, தைப்பூசத்துக்குப் பத்துமலையில் வடை, இடையில் எந்தக் கோயில் திருவிழாவோ அதற்கேற்ற பலகாரம் என்று விற்றே மூன்று பிள்ளைகளை ஆளாக்கிவிட்டார்.

ஈரத் தலையோடு வந்தவர் டிரம்மைப் பார்க்கவில்லை, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். 2025 பிப்ரவரி 11, செவ்வாய், பூசம். "புதன்கிழமை எல்லாரும் வேலைக்குப் போகணும். கூட்டம் ராத்திரியே வந்து, மத்தியானம் கலைஞ்சிரும். அஞ்சாவது வேணாம். அங்கே போய் ஊறப் போட்டுக்கலாம்." பேச்சு முடிந்தது.

வடைக்காரரிடம் எல்லாரும் கேட்பது மசாலா ரகசியத்தைத்தான். நானும் கேட்டேன். சோம்பு, காய்ந்த மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு. பூசத்துக்கு வெங்காயம் கிடையாது. அவ்வளவுதான். தொழில் இருப்பது ஊறலில். ஒரு பருப்பை எடுத்து நகத்தால் கிள்ளிக் காட்டினார். பட்டென்று உடைந்தது. நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளை தெரிந்தது. "இந்த வெள்ளை இருக்கறப்பவே வடிச்சிரணும் தம்பி. போச்சுன்னா பருப்பு தண்ணி குடிச்சிருச்சுன்னு அர்த்தம். தண்ணி குடிச்ச பருப்பு எண்ணெயும் குடிக்கும்." இந்த ஊர் வெக்கையில் மூன்று மணி நேரம் போதும். அதிகம் போட்டால் புளித்துக் கொட்ட வேண்டும், குறைத்துப் போட்டால் கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும்.

அரைத்ததில் ஒரு துளி வாயில் வைக்கமாட்டார். 48 நாள் விரதம். உப்பு சரியா என்று பேத்திதான் பார்க்க வேண்டும். அவளும் முதல் வடையை வாழை இலைத் துண்டில் பிள்ளையாருக்கு வைத்த பிறகுதான் தொடலாம். பார்க்காமலே போட்ட உப்பு சரியாகத்தான் இருந்தது.

எண்ணெய் 17 கிலோ டின். 2 ரிங்கிட் 50 சென்னுக்குக் கிடைக்கும் மானிய விலைப் பாக்கெட் வீட்டுச் சமையலுக்கு, வியாபாரத்துக்கு அல்ல. எண்ணெயைவிட அவரைக் கடுப்பேற்றுவது கடை வாடகை. இடம் ஒருவர் பெயரில் எடுக்கப்படும், கை மாறும், மறுபடியும் கை மாறும், கடைசியில் அடுப்பு மூட்டுகிறவர் தலையில் விடியும். யார் எவர் என்று சொல்லமாட்டேன் என்றார். "அடுத்த வருஷமும் நான் அங்க போகணும்ல?"

இரவு எட்டு மணிக்கு வேனில் பத்துமலை. கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலில் இருந்து புறப்பட்ட வெள்ளி ரதம் அதற்குள் மலையடிவாரம் வந்து சேர்ந்திருந்தது. தம்புசாமிப் பிள்ளை இங்கே வேல் வைத்து வழிபாட்டைத் தொடங்கி 130 ஆண்டுக்கு மேலாகிறது. 272 படிகளுக்குப் பக்கத்தில் 140 அடி உயர முருகன் நிற்பது 2006 முதல்தான். அந்தச் சிலை இல்லாத காலத்துக் கூட்டமும் ஆயாவுக்குக் கணக்கு. தோட்டத்து லாரிகள் வந்து நிற்கும், குடும்பம் குடும்பமாக இறங்குவார்கள், கட்டுச்சோறு வைத்திருப்பார்கள், வடை வாங்குவது பிள்ளைகளுக்கு மட்டும்.

இப்போது கூட்டத்தைக் கொண்டுவருவது கொமுட்டர் ரயில். 2010-இல் ஸ்டேஷன் வந்தது. அதிலிருந்து ஆயாவின் ஈடும் ரயிலோடு போகிறது. கடையில் இருந்து தண்டவாளம் தெரியாது. ஆனால் சடக்கில் தலைகள் அடர்வதற்கு முன்பே அவர் கை சட்டிக்கு மேல் போய்விடும். உள்ளங்கையில் தட்டி, ஓரத்தில் வழுக்கி விட, வடை அடியில் போய் மேலே வரும். ஒரு ஈடு பொன்னிறத்துக்கு வரும்போது ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். நான் மூன்று ரயிலுக்குப் பார்த்தேன். ஒரு தடவைதான் பிசகியது, ரயில் தாமதம்.

காசு வாங்குவது பேத்தி. கோலாலம்பூரில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், மூன்று நாள் லீவு. கியூஆர் அட்டையைக் கம்பத்தில் கட்டியவள் அவள்தான். ஆயாவின் நோட்டுப் புத்தகத்தை எனக்குக் காட்டியவளும் அவள்தான். அதில் பண வரவே இல்லை. ஆண்டு, கிழமை, மழை, எத்தனை படி ஊறியது, எத்தனை படி மிஞ்சியது. பெருந்தொற்றுக் காலத்து 2021-க்கு நேரே வெறும் கோடு. "இதுல ஒரு கணக்கும் தப்பில்ல அண்ணா. ஆனா எப்படிப் போடுறாங்கன்னு இதுல இல்ல."

விடியற்காலை நான்கு மணி. உறுமி மேளம் ஓயவில்லை. ஆயா பருப்பு மூட்டைகளின் மேல் துண்டை விரித்துப் படுத்திருந்தார். டிரம் காலி. மருமகள் படியோடு வந்து நின்றார்.

"அத்தை, ஊறப் போடவா? எத்தன?"

பதில் இல்லை. கண் மூடியிருந்தது. மறுபடி கேட்டார். கால் கட்டைவிரல் மட்டும் உறுமிக்குத் தக்கபடி ஆடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்ததை மருமகளும் பார்த்தார். எழுப்பவில்லை.

சடக்கை ஒரு தடவை பார்த்தார், வானத்தை ஒரு தடவை. பிறகு அளக்க ஆரம்பித்தார். ஐந்து, ஆறு. ஏழாவது படியை டிரம்முக்கு மேல் பிடித்துத் தயங்கி, பாதியை மூட்டையிலேயே திருப்பிக் கொட்டினார்.

கட்டைவிரல் நின்றது.