சனிக்கிழமைக் காலை வேலைகள்

வீட்டுச் சுத்தம் பற்றிக் கட்டுரை எழுதும்படி கூறினால், என்னிடம் படிக்கும் மாணவர்களிற் பலர் "சுத்தம் சுகம் தரும்" என்றே ஆரம்பிப்பார்கள். பிழையில்லை. ஆனால் அடுத்த வரிக்கு வழி தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். தாம் வீட்டில் செய்யும் வேலை கட்டுரைக்கு உரிய விடயம் என்று எவரும் நினைப்பதில்லை. ஆகவே நான் எனது வீட்டைப் பற்றியே எழுதுகிறேன்.

மன்னார்த் தீவில் குடியிருப்பவருக்குத் தூசியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. சோழகம் வீசும் மாதங்களில், காலையில் கூட்டிய விறாந்தையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். அவ்வளவு மணல் படிந்திருக்கும். கடற்காற்றின் உப்பு யன்னற் கம்பிகளையும் கதவுப் பிணைச்சல்களையும் அரித்துத் தின்னும். எனவே சனிக்கிழமை காலையில் நன்னீரில் நனைத்த துணியால் கம்பிகளைத் துடைத்து, பிணைச்சல்களுக்கு ஒவ்வொரு துளி தேங்காயெண்ணெய் விடுவேன். தலையணைகளை வெயிலிற் போடுவேன். கடைசியாக முற்றத்தைக் கூட்டுவேன். மணலில் வளைவு வளைவாகக் கோடு விழுந்த முற்றத்திலே, மாலையில் கதிரை போட்டிருந்து தேநீர் குடிப்பது தனிச்சுகம். படலை திறந்திருந்தால் ஊரிலே திரியும் கழுதைகள் உள்ளே வந்து அக்கோடுகளை அழித்துவிட்டுப் போகும். அது வேறு கதை.

இவற்றை ஒரு வாரம் விட்டாலும் குடி முழுகிப்போகாது. விடக்கூடாத வேலை ஒன்று உண்டு. அது தண்ணீர் நிற்கும் இடங்களைப் பார்ப்பது. அதன் காரணத்தை நான் புத்தகத்தில் அல்ல, எனது தம்பியிடம் கற்றேன்.

1990களின் இறுதியில் நாங்கள் இடம்பெயர்ந்து மடுப் பக்கத்திலே கிடுகுக் கொட்டிலில் இருந்தோம். தம்பிக்கு அப்போது ஐந்து வயது. ஒருநாள் பிற்பகல் அவனுக்குக் குளிரெடுத்தது. பற்கள் கிடுகிடுவென்று அடித்தன. அம்மம்மா இருந்த சேலைகள் எல்லாவற்றையும் அவன்மேற் போட்டு, தானும் அணைத்துக்கொண்டு படுத்தார். பின்னர் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. மறுநாள் ஒன்றும் நடவாதவன் போல விளையாடினான். "பிள்ளைக்குச் சுகம்" என்று மகிழ்ந்தோம். மூன்றாம் நாள் அதே நேரத்துக்கு மறுபடியும் நடுக்கம் வந்தது. இரத்தம் சோதித்து மலேரியா என்றார்கள். குளோரோகுயின் குளிசையைத் தூளாக்கிச் சீனியோடு கொடுத்தாலும் துப்பிவிடுவான். எப்படியோ பிழைத்துக்கொண்டான். எங்கள் கொட்டில் வரிசையில் எல்லாப் பிள்ளைகளும் அப்படிப் பிழைக்கவில்லை.

இலங்கைக்கு இந்நோய் புதியதன்று. 1934, 1935ஆம் ஆண்டுகளில் பரவிய பெருங்காய்ச்சலில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். பின்னர் வீடு வீடாக டி.டி.ரி. தெளித்ததனால், 1963இல் நாடு முழுவதற்கும் பதிவான நோயாளர் 17 பேர் மாத்திரமே. நோய் ஒழிந்தது என எண்ணிக் கை தளர்ந்தோம். அந்தத் தசாப்தம் முடிவதற்குள் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. 2016இற்கு முன்னர் உள்நாட்டிலே தொற்றிய இறுதி நோயாளர் 2012இல் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

அதே 2016இன் இறுதியில்தான் நமது மன்னார்த் தீவிலே, அதுவரை இலங்கையிற் காணப்படாத ஒரு நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பெயர் அனோபிலிஸ் ஸ்ரெபென்சி. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுவே. நமது பழைய மலேரியா நுளம்பு ஆறு வற்றும்போது தேங்கும் குட்டைகளிற் பெருகுவது. புதியதோ கட்டுக்கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும், அதாவது நமது வீட்டுக்குள்ளேயே பெருகுவது. ஆபிரிக்காவின் ஜிபுத்தி நாட்டில் இது 2012இற் காணப்பட்டது. அவ்வாண்டு அங்கே பதிவான மலேரியா நோயாளர் 27 பேர். 2020இல் அத்தொகை எழுபதாயிரத்தைத் தாண்டியது. இங்கு நோயுள்ள நாடுகளிலிருந்து வருவோரிடம் இன்றும் மலேரியாக் கிருமி அவ்வப்போது கண்டறியப்படுகிறது. நுளம்பும் கிருமியும் சந்திக்காதிருப்பதே நமது அதிர்ஷ்டம்.

இவ்வளவும் தெரிந்த நான் ஒருமுறை வெட்கப்பட நேர்ந்தது. வீடு பார்க்க வந்த சுகாதார உத்தியோகத்தர், கிணற்றையும் தாங்கியையும் பார்த்துத் தலையசைத்துவிட்டு, வேலியோரம் சென்று நின்றார். கழுதைகளுக்கும் காகங்களுக்கும் என்று நான் தண்ணீர் வைக்கும் பழைய பேசின் அது. "ரீச்சர், இதைக் கொஞ்சம் பாருங்கோ" என்றார். குடம்பிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. "இது டெங்கு நுளம்பின்ர. மலேரியா நுளம்பின்ர குடம்பி தண்ணி மட்டத்தோட படுத்துக் கிடக்கும்" என்று விளக்கினார். நான் தினமும் தண்ணீர் ஊற்றி நிரப்பினேனே தவிர, பேசினைக் கவிழ்த்ததில்லை. கவிழ்த்தாலும் போதாதாம். டெங்கு நுளம்பின் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்குமாம்; தேய்த்துக் கழுவ வேண்டுமாம். முட்டை நுளம்பாகிப் பறப்பதற்கு ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்கள் செல்லும். வாரம் ஒருமுறை என்ற கணக்கு அதனால் வந்ததே.

இப்போது சனிக்கிழமை வேலை தண்ணீரிலேயே தொடங்குகிறது. கிணற்று வலையில் கிழிசல் பார்த்து, விழுந்த சருகை எடுப்பேன். தாங்கியின் மூடி சரியாகப் பொருந்தியுள்ளதா என்று ஏறிப் பார்ப்பேன். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பூச்சாடித் தட்டு, பீலி, சிரட்டை எல்லாம் முக்கால் மணித்தியால வேலைதான். அயலவரின் வள்ளம் கரையேற்றி இருந்தால், அதில் மழைநீர் நிற்கிறதா என்றும் எட்டிப் பார்ப்பேன். முதலில் அவர் சிரித்தார். இப்போது அவரே கவிழ்த்து வைக்கிறார்.

தம்பி இன்று வெளிநாட்டில் இருக்கிறான். கொட்டிலில் நடுங்கியது அவனுக்கு அவ்வளவாக நினைவில்லை. அம்மம்மாவின் சேலை மணம் மட்டும் நினைவிருக்கிறதாம். சனிக்கிழமை மாலையில், நான் முற்றத்தில் தேநீரோடு இருக்கும் நேரம் பார்த்துத் தொலைபேசி எடுப்பான். சுகம் விசாரிக்கும் முன்னரே, "அக்கா, கழுதைப் பேசின் தேய்ச்சாச்சா?" என்பான்.