பிளக் மாற்றப் போன கதை

கார் ஓட்டத் தெரிந்த பெண்கள் இப்போது எங்கள் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறோம். ஆனால் பொனட்டைத் திறக்க வேண்டி வந்தால் பக்கத்தில் ஓர் ஆண்பிள்ளையைத்தான் தேடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் நிலையத்தின் பழைய காருக்கு பிளக் மாற்றவேண்டி வந்தது. உதிரிப்பாகக் கடைக்காரர், "இதைவிடப் பெரிய இலக்கம் இருக்கு தங்கச்சி, இழுவை கூட" என்றார். நம்பி வாங்கிப் பூட்டுவித்தேன்.

இரண்டு கிழமை கழிந்தது. விசுவமடுவிலிருந்து ஒரு தாயையும் நடக்கமுடியாத அவரது மகனையும் யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக்குக்கு ஏற்றிச் சென்றேன். பரந்தனை அடையுமுன்பே எஞ்சின் குலுங்கி நின்றுவிட்டது. வேறு வாகனம் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கிளினிக் முடிந்திருந்தது. "பரவாயில்லை மிஸ், அடுத்த மாதம் போவம்" என்று அந்தத் தாய்தான் என்னைத் தேற்றினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கராஜில் பிளக்குகளைக் கழற்றிக் காட்டினார்கள். நான்கு நுனிகளும் கரிபிடித்துக் கறுத்திருந்தன. அங்கிருந்த அண்ணர் பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

எங்கள் பழைய பிளக்கில் பி.கே.ஆர்.6ஈ-11 என்றிருந்தது. அந்த 6 பலத்தைக் குறிப்பதல்ல. பிளக் எவ்வளவு விரைவாகச் சூட்டை வெளியேற்றும் என்பதைக் குறிப்பது. என்.ஜி.கே., டென்சோ பிளக்குகளில் இலக்கம் கூடக்கூட நுனியின் சூடு குறையும். எனக்குத் தந்தது 8. கிராமத்து ஒழுங்கைகளில் மெதுவாக ஓடும் காரில், படியும் கரியை எரித்துவிடும் அளவுக்கு அந்த நுனி சூடாகவில்லை. மாறாக, அளவுக்கு மீறிச் சூடாகும் பிளக்கைப் பூட்டினால் பெற்றோல் நேரத்துக்கு முன்பே பற்றி, பிஸ்டன் பழுதாகலாம். போஷ், சாம்பியன் பிளக்குகளில் இந்த இலக்க ஒழுங்கு தலைகீழ். ஆகவே கம்பனி மாறும்போது இலக்கத்தை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது.

ஈ என்பது மரைப்பகுதியின் நீளம், 19 மில்லிமீற்றர். நீளம் கூடினால் நுனி பிஸ்டனில் அடிபடலாம். 11 என்பது தீப்பொறி பாயும் இடைவெளி, 1.1 மில்லிமீற்றர்.

சகோதரிகளே, பிளக் வாங்கப் போகும்போது காரின் கைந்நூலில் உள்ள குறியீட்டை எழுதிக்கொண்டு போங்கள். பழைய பிளக்கை மட்டும் நம்பவேண்டாம், அதுவே பிழையாகப் பூட்டப்பட்டிருக்கலாம். இரிடியம் பிளக் விலை கூட. ஆனால் சாதாரண பிளக்கைவிடப் பல மடங்கு காலம் உழைக்கும். அதற்கும் குறியீடு பொருந்தவேண்டும். எஞ்சின் நன்றாக ஆறியபின், முதலில் கையாலேயே மரையில் ஏற்றச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் அந்தத் தாயும் மகனும் நேரத்துக்குக் கிளினிக் போனார்கள். நான்தான் ஓட்டிச் சென்றேன். அந்தக் குறியீடு இப்போது என் குறிப்புப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் இருக்கிறது.