தனுஷ்கோடியில் இன்னும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது!

ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 20 கி.மீ. இரண்டு பக்கமும் கடல், நடுவே தார்ச்சாலை. தனுஷ்கோடியில் இறங்கியதும் எல்லோரும் போட்டோ எடுப்பது, 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்தைத்தான். அந்தப் புயல் பழைய பள்ளிக்கூடத்தையும் விட்டுவைக்கவில்லை.

மக்கள் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்த பிறகும், மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசை போட்டு இங்கேயே வாழ்கின்றன. அவர்களின் பிள்ளைகளுக்காக இங்கே ஓர் அரசு நடுநிலைப் பள்ளி இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை கவலையில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு ராமேஸ்வரம்தான் போக வேண்டும். அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்ததே 2017-ல்தான். அதற்கு முன்பு மணலில்தான் பயணம்.

அடுத்த முறை போனால், ‘அழிந்துபோன ஊர்’ என்று ஸ்டேட்டஸ் போடுவதற்கு முன், புத்தகப் பையோடு நடந்துபோகும் அந்தப் பிள்ளைகளையும் பார்த்துவிட்டு வாருங்கள்!