பேசியவன் யான், கற்றவர் யார்?

பொறியியற் கல்லூரி ஒன்றில் யான் பல்லாண்டுகளாக உபாத்தியாயனாக இருந்து வருகிறேன். விசைகளின் சமநிலையை முதலாண்டு மாணாக்கருக்குப் போதிப்பது என் கடமை. மணிக்கணக்கில் தடையின்றிப் பேசுவேன்; பலகை நிறையக் கணக்குகள் போடுவேன். மாணாக்கர் தலையசைப்பர். யானும் இறுமாந்திருப்பேன்.

பரீட்சைத் தாள்களோ வேறு கதை கூறின. தோட்டத்திலிருந்து வந்த பிள்ளையொருவன் வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு, "ஐயா, தாங்கள் போடும்போது விளங்குகிறது, நானே போட்டால் விளங்கவில்லை" என்றான். அவன் உழைக்கவில்லை என்றே அன்று தீர்ப்பளித்தேன்.

பின்னரே உண்மை கண்டேன். விஞ்ஞானம், பொறியியல், கணிதம் ஆகியவற்றைப் போதிக்கும் முறைகளைப் பற்றிய 225 ஆராய்ச்சிகளைத் தொகுத்து அமெரிக்க அறிஞர்கள் 2014இல் ஒரு முடிவு வெளியிட்டனர். பிரசங்கம் மட்டும் கேட்ட வகுப்புகளில் தவறியவர் சராசரி நூற்றுக்கு 33.8, வகுப்பிலேயே தாமே செய்தும் விவாதித்தும் கற்ற இடங்களில் 21.8.

உடனே நால்வர் நால்வராக மாணாக்கரைப் பிரித்தேன். ஒருவன் கணக்குப் போட, மூவர் பார்த்து எழுதினர்! அப்போதுதான் பால்மரம் வெட்டிய என் தந்தையாரின் நினைவு வந்தது. எத்தனை பேர் வெட்டினாலும் அவரவர் பாலைக் கிராணி தனித்தனியே நிறுத்துத்தான் பதிவார். கூடிக் கற்றலை ஆராய்ந்த மினசோட்டா சர்வகலாசாலையின் டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்களும் இதனையே வற்புறுத்தினர்: ஒருவர் வெற்றி மற்றவரைச் சார்ந்திருக்க வேண்டும், ஆயினும் ஒவ்வொருவரும் தனித்தனியே பொறுப்பேற்க வேண்டும். ஆகவே கூடிக் கற்கச் செய்து, தனித்தனியே சோதித்தேன். குழுவில் எவரையும் பலகைக்கு அழைத்து விளக்கச் சொன்னேன்.

மாணாக்கர் முணுமுணுத்தனர். "இவர் போதிப்பதே இல்லை" என்றனர். ஹார்வர்டு சர்வகலாசாலையின் பௌதிக வகுப்புகளைப் பற்றி 2019இல் வெளியான ஆராய்ச்சியும் இதனையே காட்டியது: தாமே முயன்றவர் அதிகம் கற்றனர், ஆயினும் குறைவாகவே கற்றதாக எண்ணினர். ஆகவே ஒரு முறையின் தகுதியை ஆசிரியரின் பெருமிதத்தாலோ மாணாக்கரின் திருப்தியாலோ அளத்தல் தகாது. கடைசி வரிசைப் பிள்ளை தனியே நின்று என்ன செய்கிறான் என்பதே அளவுகோல்.

அந்தப் பிள்ளை அதற்குள் கல்லூரியை விட்டுப் போய்விட்டான். அவன் பெயருக்கு நேரே யான் இட்ட தோல்விக் குறியில் பாதி என்னுடையது.

பெற்றோர்களே, 'ஆசிரியர் இன்று என்ன சொன்னார்?' என்று கேட்பதோடு நில்லாதீர்கள். 'நீ இன்று என்ன செய்தாய்?' என்றும் கேளுங்கள்.