ஓநாயின் நுரை

பொலிவியாவிலிருந்து வந்த தாதுச் சரக்கு. சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியில் என் கட்சிக்காரர் ‘டங்ஸ்டன் தாது’ என்று காட்டியிருந்தார். ஏற்றுமதியாளரின் ஸ்பானிய ஆவணங்களில் ‘வொல்ஃப்ராமியோ’ என்று இருந்தது. விவரம் பொருந்தவில்லை, 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் 111(எம்) பிரிவின்படி ஏன் பறிமுதல் செய்யக்கூடாது என்று நோட்டீஸ் வந்தது. தாமதக் கட்டணமான டெமரேஜ் ஏறிக்கொண்டிருந்தது.

நேர் விசாரணையில் ஆய்வக அறிக்கையைக் காட்டினேன். “டங்ஸ்டனுக்கு எதுக்கு டபிள்யூன்னு குறியீடு?” என்றார் அதிகாரி. நியாயமான கேள்வி. எனக்கும் அந்த வழக்குக்காகப் படித்தபோதுதான் விளங்கியது.

வெள்ளீயம் உருக்கிய ஜெர்மானியச் சுரங்கக்காரர்களுக்கு ஒரு தாது தொல்லை கொடுத்தது. ஆட்டை ஓநாய் விழுங்குவதுபோல் வெள்ளீயத்தை விழுங்கிக் கசடாக்கியது. அதனால் வொல்ஃப்ராம்; டபிள்யூ அதன் முதலெழுத்து. முன்பாதி, ஆங்கிலத்தில் ஓநாயைக் குறிக்கும் ‘வுல்ஃப்’புக்கு உடன்பிறப்பு, பின்பாதியை நுரை என்பாரும் உண்டு, அழுக்கு என்பாரும் உண்டு. சுவீடனிலோ வேறொரு கனிமத்துக்கு ‘டுங் ஸ்டென்’, கனத்த கல் என்று பெயர். அந்த ‘ஸ்டென்’தான் ஆங்கிலத்தின் ‘ஸ்டோன்’. 1781-இல் வேதியியலாளர் ஷீலே அந்தக் கல்லிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தார். 1783-இல் ஸ்பெயினின் பெர்காராவில் ஹுவான் ஹோசே, ஃபௌஸ்தோ எலுயார் சகோதரர்கள், ஓநாய்த் தாதுவிலும் இருப்பது அதே அமிலம்தான் என்று கண்டு, கரியோடு சூடாக்கி உலோகத்தையே எடுத்துவிட்டார்கள். ஆங்கிலம் உலோகத்துக்குச் சுவீடன் பெயரை எடுத்துக்கொண்டு, தாதுவை மட்டும் இன்றும் வொல்ஃப்ரமைட் என்கிறது. ஆக, இரண்டும் ஒன்று என்பது 1783-லேயே முடிந்துபோன வழக்கு என்று வாதிட்டேன்.

“சரித்திரம் இருக்கட்டும் வக்கீல் சார், டாரிஃப் என்ன சொல்லுது?”

சுங்கக் கட்டண அட்டவணையின் 8101-ஆம் தலைப்பைப் பிரித்து நீட்டினேன். டங்ஸ்டன், பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் வொல்ஃப்ராம். உலக வேதியியல் சங்கம் 2005 பரிந்துரைகளில் வொல்ஃப்ராமைக் கைவிட, ஸ்பானிய வேதியியலாளர்கள் சண்டைக்கே போனார்கள். நல்ல வேளை, டாரிஃப் அந்தப் பெயரை விட்டுவிடவில்லை.

அதிகாரி விடவில்லை. “இது உலோகம். உங்க சரக்கு 2611, தாது. அங்கே ஏன் வொல்ஃப்ராம் போடலை?”

“அதை இந்தத் தலைப்புகளை எழுதுற பிரஸ்ஸல்ஸ்லதான் கேக்கணும் சார்.”

சிரித்துவிட்டார். ஆய்வக அறிக்கையை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தார். நோட்டீஸ் கைவிடப்பட்டது.

கட்சிக்காரருக்கு எலுயார்களைப் பற்றி அக்கறையே இல்லை. “டெமரேஜ் யார் சார் குடுப்பா?” என்றார். தள்ளுபடி கேட்டுத் தனியாக மனுப் போட்டோம், பாதிதான் கிடைத்தது.