ஜி பொத்தான்

பகலில் நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்கு எழுதுபவன். சனிக்கிழமை இரவு பதினொன்றரை மணியானால் கார்ப்பரல். எட்டுப் பேர் கொண்ட ஒரு செக்‌ஷன் என் சொல்லுக்கு நடக்கும்.

விளையாட்டின் பெயர் ஆர்மா 3. செக் நாட்டு போஹீமியா இன்டராக்டிவ் நிறுவனம் 2013-இல் வெளியிட்டது. கண்டவரையெல்லாம் சுட்டுத் தள்ளுகிற ரகம் இல்லை. இருபது நிமிடம் நடந்தால் இரண்டு நிமிடம் சண்டை வரும். நம் ஆள் சுட்ட குண்டும் நம்மைக் கொல்லும். அதனால் இதைச் சேர்ந்து ஆடுகிறவர்கள் பலர் ராணுவம் போலவே பதவி, ரேடியோ ஒழுங்கு, பிரீஃபிங் என்று குழு அமைத்துக்கொள்வார்கள். எங்கள் குழுவில் நாற்பது பேர். பெரும்பாலும் ஐரோப்பியர்கள். அவர்களுக்கு மாலையாகும்போது எனக்கு நள்ளிரவு நெருங்கிவிடும். செக்‌ஷன் அமைப்பைப் பிரிட்டிஷ் ராணுவத்திடமிருந்தும், தண்டனையை அமெரிக்க ராணுவத்தின் ஆர்ட்டிகிள் 15-இலிருந்தும் எடுத்திருந்தோம். பெரிய கோர்ட் மார்ஷலுக்குப் போகாமல், சின்னத் தவறுகளை மேலதிகாரியே தீர்த்துவைக்கும் சட்டப் பிரிவு அது.

திண்டுக்கல் பக்கத்துப் பையன் ஒருவன் என் செக்‌ஷனில் சேர்ந்தான். கல்லூரி இரண்டாம் ஆண்டு. ரேடியோவில் ஆங்கிலம், தனியாகப் பேசும்போது "அண்ணா".

ஒரு சனிக்கிழமை அவன் பிரீஃபிங்குக்குப் பத்து நிமிடம் தாமதமாக வந்தான். வந்த சூட்டில், முகாமில் எல்லோரும் வண்டி ஏறிக்கொண்டிருந்த இடத்திலேயே அவன் கையிலிருந்து ஒரு கையெறி குண்டு உருண்டது. மருத்துவர் காலி, வண்டி காலி. ஆர்மா ஆடியவர்களுக்கு இது பழகிய கூத்து. ஜி பொத்தானைத் தொட்டால் குண்டு போய்விடும். விரல்கள் எந்நேரமும் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அந்தப் பொத்தானும் இருக்கிறது.

அன்றைய ஆட்டம் படுதோல்வி. அதற்குக் காரணம் அவன் இல்லை, நான். வரைபடத்தின் ஆறு இலக்க எண்ணில் முதல் மூன்று கிழக்கே, அடுத்த மூன்று வடக்கே என்பது பால பாடம். அதை மாற்றிப் படித்து என் ஆட்களைத் திறந்த வெளியில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஐந்து பேர் ஒரே நிமிடத்தில் விழுந்தார்கள். அதைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காதது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆட்டம் முடிந்து நாற்பது பேரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவன் பெயரைச் சொல்லி வாசித்தேன்: தாமதம், கவனக்குறைவாக ஆயுதம் கையாண்டது, பதவி ஒரு படி இறக்கம், அடுத்த இரண்டு ஆட்டங்களுக்கு விலக்கு, முந்நூறு வார்த்தையில் விளக்கக் கடிதம். குரலில் ஒரு கம்பீரம் வேறு.

"ஓகே சார்" என்றான். அதுவரை அவன் என்னைச் சார் என்று கூப்பிட்டதே இல்லை.

கடிதம் வரவில்லை. விலக்கு முடிந்தும் அவன் வரவில்லை.

மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற என் தாய்மாமாவிடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தில், இதைப் பெருமையாகத்தான் சொன்னேன். பட்டாளத்து ஆள், தட்டிக்கொடுப்பார் என்று நினைப்பு. அவர் முதலில் சிரித்தார். பிறகு கேட்டார்.

"அவன என்ன ஏதுன்னு விசாரிச்சியா மாப்ள?"

"எல்லாரும்தான் மாமா பாத்தாங்களே."

"எங்கள சிஓ முன்னாடி நிறுத்தறப்ப தொப்பி, பெல்ட்டெல்லாம் கழட்டிட்டுத்தான் உள்ள கூட்டிட்டுப் போவாங்க. ஆனா 'நீ என்ன சொல்ற'ன்னு கேக்காம ஒருத்தனுக்கும் தண்டனை எழுதுனது இல்ல. நெசத் துப்பாக்கி வெச்சிருக்கறவனே கேக்கறான். உனக்கென்ன அவசரம்?"

வீட்டுக்கு வந்து சட்டத்தை எடுத்துப் படித்தேன். இந்திய ராணுவச் சட்டம் 1950, 80-ஆவது பிரிவு: சிப்பாயின் சின்னக் குற்றத்துக்குக் கமாண்டிங் ஆபீசரே 28 நாள் வரை அடைத்து வைக்கலாம். ஆனால் 1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகளில் 22-ஆவது விதி, குற்றச்சாட்டை அந்த ஆளின் முன்னிலையில்தான் விசாரிக்க வேண்டும் என்கிறது. சாட்சியை அவன் குறுக்கு விசாரணையும் செய்யலாம். நாங்கள் காப்பியடித்த ஆர்ட்டிகிள் 15-இலோ, கப்பலில் இருப்பவர் தவிர மற்றவர்கள் அந்தத் தண்டனையை மறுத்துவிட்டுக் கோர்ட் மார்ஷலே வேண்டும் என்று கேட்கலாம். நாங்கள் தண்டனையை மட்டும் எடுத்துக்கொண்டு விசாரணையை விட்டுவிட்டோம்.

அன்றிரவு அவனுடைய பழைய செய்திகளைத் திறந்து பார்த்தேன். அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை அனுப்பியது ஒன்று: "அண்ணா, ஜி பட்டன் அடிக்கடி தெரியாம அமுங்குது. எப்படி மாத்துறது?" நான் படித்துவிட்டதற்கு அடையாளம் இருந்தது. பதில் இல்லை.

இன்னொன்றும் உறுத்தியது. என் பழைய நண்பர் ஒருவர் ஆட்டத்தின் நடுவே ரேடியோவில் கிரிக்கெட் ஸ்கோர் சொல்லுவார். பிரீஃபிங்குக்கு அவரும் பல நாள் தாமதம்தான். அவரை நான் ஒருமுறைகூடக் கண்டித்ததில்லை. ஆக, நான் தண்டித்தது தாமதத்தையோ குண்டையோ இல்லை. என் வரைபடத் தவறின் கோபத்தை, எதிர்த்துப் பேச மாட்டான் என்று தெரிந்த ஒருவன் மீது இறக்கினேன்.

அதன்பின் என் செக்‌ஷனில் சில வழக்கங்களை மாற்றினோம். சின்னத் தவறு என்றால் அன்றே, தனியாக, இரண்டு நிமிடப் பேச்சு. முதல் வாக்கியம் கேள்வியாக இருக்க வேண்டும். தெரியாமல் செய்தால் சொல்லித்தருவோம். கவனக்குறைவு என்றால் அது தொடர்பாகவே ஒரு வேலை கொடுப்போம். முகாமில் சுட்டவர் அடுத்த வாரம் புதியவர்களுக்குத் துப்பாக்கியின் சேஃப்டி பூட்டைச் சொல்லித்தருவார். தெரிந்தே திரும்பத் திரும்பச் செய்தால்தான் எழுத்தில் எச்சரிக்கை, அதுவும் மூன்று மாதத்தில் அழிந்துவிடும். ஆட்டத்தில் எனக்குக் கோபம் வந்திருந்தால் அன்று யாருடைய தவறையும் நான் விசாரிப்பதில்லை, இன்னொருவர் விசாரிப்பார். கிரிக்கெட் நண்பருக்கும் இதே விதிதான். அவர் ஒரு வாரம் முறைத்தார், பிறகு சரியாகிவிட்டார்.

பையனுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். "பரவால்லண்ணா" என்று பதில் வந்தது. ஆள் வரவில்லை.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லித்தருவது வணக்கம் வைப்பதோ ரேடியோ மொழியோ இல்லை. செட்டிங்ஸுக்குப் போங்கள், ஜி பொத்தானை இரண்டு முறை தட்டினால்தான் குண்டு போகும்படி மாற்றுங்கள். அரை நிமிட வேலை.